கையில் பட்டை கட்டிய பிறகு

என் ஆச்சியிடம் பிரஷர் மெஷின் கிடையாது, பெருவிரல் இருந்தது. மாதம் நிறைந்த பெண் யார் வந்தாலும் திண்ணையில் உட்கார வைத்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் பெருவிரலைப் பதித்து, பத்து எண்ணுகிற நேரம் அழுத்துவாள். விரலை எடுத்ததும் குழி தூர்ந்துவிட்டால் சரி. குழி அப்படியே நின்றால் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவாள். "மோதிரம் இறுகுதா? தலை கனக்கா? கண்ணுக்கு முன்ன பூச்சி பறக்கா, ஏளா?" மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் அந்த வீட்டு ஆம்பிளையைக் கூப்பிடுவாள். "இவள நான் பாக்க மாட்டேன். தென்காசிக்கு வண்டி கட்டு."

பண்பொழியிலும் வடகரையிலும் மேக்கரைப் பக்கத்துக் களங்களிலும் ஐம்பது வருஷத்துக்கு மேல் பிள்ளை எடுத்தவள் அவள். ஊர் அவளை மருத்துவச்சி என்றது. நான் அவள் பேத்தி. பயிற்சி முடித்து, அரசுச் சம்பளத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் கையில் இருந்தது சுக்கும் நல்லெண்ணெயும். என் கையில் இருந்தது ஆம்பூலும் சிரிஞ்சும். இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை வேலையில் இருந்த காலத்தில் யோசிக்க நேரமில்லை. ஓய்வுக்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேறுகாலச் சாவு இரண்டு வகை என்பாள் ஆச்சி. "ரெத்தம் வத்திப் போறவ ஒருத்தி, வெட்டி இழுத்துப் போறவ ஒருத்தி." இன்றைய மருத்துவப் புத்தகமும் தாய் இறப்புக்குக் காரணம் சொல்லும்போது உதிரப்போக்கையும் இரத்த அழுத்தக் கோளாறையும்தான் முன்வரிசையில் வைக்கிறது. இரண்டும் இரத்தக் குழாயின் கதை. ஒருத்திக்குக் குழாய் மூட மாட்டேன் என்கிறது. இன்னொருத்திக்கு உடம்பு முழுக்கக் குழாய் இறுகிக்கொள்கிறது. முதல் பெண்ணைக் காப்பாற்றுகிற மருந்து இரண்டாமவளைக் கொல்லக்கூடும். இதைத் தெரிந்துகொள்ள உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று.

பிள்ளை பிறந்ததும் இரத்தம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் இரத்தம் நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் அது பிரிந்தவுடன் அத்தனை குழாயும் வாய் திறந்து நிற்கும். எங்கள் ஊர் அனுமன் நதித் தண்ணீரில் விளைகிற ஊர். குளத்தில் ஒரு மடை அடைபடாமல் போனால் விடிவதற்குள் என்ன ஆகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கர்ப்பப்பையின் மடைகளை அடைப்பது தசை. அதன் நார்கள் கயிற்றுக் கட்டிலின் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அந்தப் பின்னலின் கண்கள் வழியாகத்தான் இரத்தக் குழாய்கள் போகின்றன. பிள்ளையும் நஞ்சும் வெளியேறி, தசை சுருங்கி, பின்னல் இறுகும்போது ஒவ்வொரு குழாயையும் அதுவே முடிச்சுப் போட்டு நிறுத்துகிறது. வயிற்றைத் தொட்டால் தேங்காய் மாதிரி கெட்டியாக உருண்டு நிற்க வேண்டும். மாவு பிசைந்த மாதிரி தொளதொளவென்று இருந்தால் ஆபத்து.

ஆச்சி அந்தத் தேங்காயை வரவழைக்கக் கையால் தேய்ப்பாள். நஞ்சு விழத் தாமதித்தால் பெற்றவளின் சடை நுனியை அவள் வாயிலேயே திணித்து ஓங்கரிக்க வைப்பாள். இந்த முரட்டு வழியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இன்னொன்று செய்வாள்: பிள்ளையைத் துடைத்த கையோடு மார்பில் போடுவாள். சீம்பாலைப் பீய்ச்சி எறியச் சொன்ன மாமியார்களோடு அதற்காகச் சண்டை போட்டவள். பிள்ளை சப்பும்போது தாயின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் இரத்தத்தில் கலக்கிறது, கர்ப்பப்பை சுருங்குகிறது. அவளுக்கு அந்தப் பேர் தெரியாது. "பிள்ள சப்புனா வயிறு கெட்டிப்படும்" என்பது தெரியும்.

மருந்துக் கதைக்கு வருகிறேன். அது தொடங்கியது ஒரு பூஞ்சணத்தில். ஐரோப்பாவின் குளிர்நாட்டுத் தானியமான ரைக் கதிரில், மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு வரும். அதுதான் எர்காட். அது கலந்த மாவில் ரொட்டி சாப்பிட்ட ஊர்களில் ஜனங்களுக்குக் கைகால் தீயாய் எரிந்து, கருத்து, அழுகி விழுந்தது. 'அந்தோனியார் நெருப்பு' என்று அதற்குப் பேர் வைத்தார்கள். விரல் நுனிக்குப் போகிற குழாய்கள் இறுகி அடைத்துக்கொண்டதால் வந்த அழுகல் அது. அதே கறுப்புக் கொம்பு வலியைக் கூட்டும் என்று அங்கத்து மருத்துவச்சிகள் கண்டுவைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற மருத்துவர் 1808இல் அதைப் பற்றிக் கடிதம் எழுதி அச்சேற்றியதும் டாக்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை சீக்கிரம் வரும், காத்திருக்க வேண்டாம். சில வருஷத்திலேயே பிள்ளைகள் செத்துப் பிறந்தன, கர்ப்பப்பைகள் கிழிந்தன. எர்காட் கொடுத்தால் தசை சுருங்கி விரியாது. பிடித்த பிடியிலேயே நிற்கும். பிள்ளைக்கு இரத்தம் போகும் வழியும் அடைபடும். நியூயார்க்கின் டேவிட் ஹோசாக் 1820களில் இதைக் கண்டித்து, பிள்ளை வெளியே வந்த பிறகு உதிரத்தை நிறுத்த மட்டுமே கொடுக்கலாம் என்றார். அந்த விதி இருநூறு வருஷமாகியும் மாறவில்லை.

நம் பக்கத்துக் கம்பங்கதிரிலும் இதன் சொந்தக்காரன் உண்டு. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் கம்பு போட்டவர்களைக் கேளுங்கள், 'தேன் ஒழுகல்' என்பார்கள். பூக்கும் பருவத்தில் மழைமூட்டமாக இருந்தால் கதிரில் தேன் மாதிரிப் பிசின் வடியும், பிறகு கருங்கொட்டை காணும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் அந்தக் கொட்டைகள் மிதக்கும், வழித்து எறிந்துவிடலாம். ஆனால் கம்பில் இருக்கும் விஷம் வேறு, ரையில் இருக்கும் விஷம் வேறு. கம்பு எர்காட் தலைசுற்றலும் வாந்தியும் மயக்கமும் தரும். விரலை அழுக வைக்காது, கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்தும் அதில் கிடைக்காது. அதனால்தான் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஐரோப்பாவிலிருந்து சரக்கு வருவது தடுமாறியபோது, சென்னை மாகாணத்தார் நீலகிரிக் குளிரில் ரையையே விதைத்து, அதில் வேண்டுமென்றே பூஞ்சணத்தை ஏற்றி எர்காட் விளைவித்தார்கள். கோயம்புத்தூர் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் கே.எம். தாமஸும் டி.எஸ். ராமகிருஷ்ணனும் 1940களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கோ ஜெர்மனிச் சமாச்சாரம் என்று நான் நினைத்திருந்த மருந்து, ஊட்டி மலையில் பயிராகியிருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எர்காட்டில் எது கர்ப்பப்பையைப் பிடிக்கிறது, எது விரலை அழுக வைக்கிறது என்று பிரித்தெடுக்க நாளாயிற்று. 1918இல் ஆர்தர் ஸ்டோல் எர்காடமினைப் பிரித்தார். அது குழாயை இறுக்குவதில்தான் கெட்டி. 1932இல் லண்டனில் சாசர் மொயர், வெறும் தண்ணீரில் ஊறிய எர்காட் சாறு கர்ப்பப்பையைச் சில நிமிடத்தில் சுருட்டுவதைக் கண்டார். வேதியியலாளர் ஹெரால்ட் டட்லியோடு சேர்ந்து 1935இல் அதன் சத்தைப் பிரித்து எர்காமெட்ரின் என்று பேர் வைத்தார். அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் மெத்தில் எர்காமெட்ரின். நாங்கள் சுருக்கமாக மெத்தர்ஜின் என்போம். பொடிக்கண்ணாடி ஆம்பூலில் 0.2 மில்லிகிராம். தசையில் போட்டால் இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் வயிறு தேங்காயாகும். எத்தனை பெண்களை அது பிழைக்க வைத்தது என்று என் கைக்குத் தெரியும்.

ஆனால் எர்காடமினைவிடக் குறைவு என்பதுதான் பேச்சே தவிர, குழாயை இறுக்கும் குணம் இதற்கும் உண்டு. கர்ப்பப்பைத் தசையில் எந்தக் கொக்கியில் இந்த மருந்து மாட்டுகிறதோ, அதே ஜாதிக் கொக்கிகள் இரத்தக் குழாயின் சுவர்த் தசையிலும் இருக்கின்றன. மருந்துக்குக் கண் இல்லை. சாதாரண உடம்பு அந்த இறுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற உடம்பு தாங்காது.

1991, ஆடி மாதம். சாரல் விடாமல் அடித்தது. மேக்கரைப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் தலைப்பிரசவம். அந்தப் பெண்ணை நான் ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் பார்த்திருந்தேன். அவள் அட்டையில் எடை எழுதியிருந்தேன், வயிறு அளவு எழுதியிருந்தேன். பி.பி. என்ற கட்டத்தில் இரண்டு தடவையும் கோடு போட்டிருந்தேன். என்னிடம் இருந்த மெஷினின் ரப்பர்ப் பை வெடித்துப் போய், பழுதுபார்க்க அனுப்பி, திரும்பி வரவே இல்லை. கால் வீங்கியிருந்தது நினைவிருக்கிறது. சூலிக்குக் கால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஆச்சி அப்போது உயிரோடு இல்லை.

பிள்ளை சுகமாகப் பிறந்தது, பெண் குழந்தை. நஞ்சும் விழுந்தது. உதிரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததும் பழக்கத்தில் ஆம்பூலை உடைத்துத் தொடையில் போட்டேன். வயிறு கெட்டிப்பட்டது. உதிரம் நின்றது. அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொப்புள்கொடிக்கு இரண்டாம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "யக்கா, தலை வெடிக்கு" என்றாள். வாந்தி எடுத்தாள். பிறகு மெதுவாக, "வெளக்க ஏன் அணைச்சீக?" என்று கேட்டாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. கண்ணுக்கும் மூளைக்கும் போகிற குழாய்கள் இறுகி, பார்வை போய்விட்டிருக்கிறது. அடுத்த நிமிடம் கண் மேலே செருகிற்று, பல் கிட்டிற்று, வெட்டி இழுத்தது. இடது பக்கமாகப் புரட்டிப் போட்டு, எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "பேய் அடிச்சிட்டு, வேப்பங்கொழ கொண்டா" என்று மாமியார் கத்தினாள். அவள் புருஷன் சைக்கிளில் பண்பொழிக்குப் போய் ஒரு வாடகை அம்பாசிடரை அழைத்து வந்தான். வழியில் இன்னொரு தடவை இழுத்தது. ஆஸ்பத்திரியில் பட்டை கட்டிப் பார்த்தபோது 190க்கு 120. டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஊசிக்கு முன்னால பிரஷர் என்ன?" பதில் சொல்ல என்னிடம் எண் இல்லை.

அவளை இருட்டறையில் போட்டார்கள். சத்தம், வெளிச்சம், தொடுகை எதுவும் கூடாது. மூன்று மருந்து கலந்த ஊசி. இரண்டு நாள் தூங்கினாள். பிழைத்தாள்.

அந்த மூன்று மருந்துக் கலவைக்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டு வரலாறு இருக்கிறது. அதை நான் பல வருஷம் கழித்துத்தான் அறிந்தேன். சூல்வலிப்புக்கு, ஊரில் ஜன்னி என்பார்களே அதற்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் ஸ்ட்ரோகனோஃப் மார்பினும் குளோரல் ஹைட்ரேட்டும் கொடுத்து இருட்டறையில் கிடத்தும் முறையைப் பரப்பினார். 1950களின் தொடக்கத்தில் பிரான்சின் கடற்படை அறுவை மருத்துவர் ஹென்றி லபோரி, அறுவைக்குப் போகிறவர்களின் உடம்பைக் குளிர்காலத் தூக்கம் மாதிரி அடக்க, லார்காக்டில், ஃபெனர்கான், பெத்திடின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதைச் சூல்வலிப்புக்குக் கொண்டுவந்து பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியவர் சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன். 1844இல் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரி அது. ஊர்ப் பேச்சில் எழும்பூர் ஆஸ்பத்திரி. அங்கே ஏ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேறு நூலை, முதலியார்-மேனன் புத்தகம் என்றே பேர் வரும்படி அவரோடு சேர்ந்து வளர்த்தவர் மேனன். நானூறுக்கும் மேற்பட்ட சூல்வலிப்புப் பெண்களுக்கு இந்தக் கலவை கொடுத்ததையும், இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டை ஒட்டிய அளவில் இருந்ததையும் 1961இல் பிரிட்டிஷ் மகப்பேறு இதழில் எழுதினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய எண். 'மேனன் முறை' என்று இந்தியா முழுக்கப் பேராயிற்று. மேக்கரைத் தோப்பு வீட்டுப் பெண்ணை 1991இல் தூங்க வைத்ததும் அதுதான்.

லார்காக்டில் மூளையை அமர்த்துவதோடு நிற்காது. இரத்தக் குழாயை இறுக்கும் கட்டளையை இடைமறித்து, குழாயைத் தளர்த்தும். அழுத்தம் இறங்கும். ஆனால் எவ்வளவு இறங்கும் என்பது நம் கையில் இல்லை. பெத்திடின் தாயின் மூச்சையும் பிள்ளையின் மூச்சையும் மந்தமாக்கும். அழுத்தம் சடாரென்று விழுந்தால் நஞ்சுக்குப் போகும் இரத்தமும் விழும், வயிற்றுப் பிள்ளை தவிக்கும். மேனன் முறை தன் காலத்தில் பல உயிர்களைக் காத்தது. அதைவிடச் சிறந்தது நிரூபணமானபோது விலகிக்கொண்டது. அதற்காக அதைப் பழித்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

சிறந்தது என்று வந்தது, நம் வீடுகளில் பேதி உப்பு என்று பொட்டலத்தில் இருந்த மக்னீசியம் சல்ஃபேட். அமெரிக்காவில் அது 1920களிலிருந்தே புழங்கியது. டாலஸ் நகரத்தின் பிரிட்சர்டு 1955 முதல் ஒரே முறையாகக் கொடுத்து, 1984இல் 245 சூல்வலிப்புப் பெண்களின் கணக்கை வெளியிட்டார். அதில் ஒரே ஒரு தாய் இறந்தாள். அவள் இறந்தது மக்னீசியம் அளவு மீறியதால். 1995இல் இந்தியா உட்பட பல நாடுகளில் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்திய சோதனையில், டயசிபாமைவிடவும் ஃபெனிடாயினைவிடவும் மக்னீசியம் மறுவலிப்பை நன்றாகத் தடுக்கிறது என்று தெரிந்தது. 2002இல் வந்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் வலிப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்றது.

எங்கள் கைக்கு அது வந்தபோது கொடுத்த பயிற்சி எனக்குப் பசுமையாக இருக்கிறது. ஒரு ஆம்பூலில் ஒரு கிராம்தான். இரண்டு புட்டத்திலும் ஐந்தைந்து கிராம் ஆழமாகப் போட வேண்டும். அப்படியென்றால் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். பக்கத்தில் ஒருத்தி இழுத்துக்கொண்டு கிடக்கும்போது, நடுங்கும் விரலால் பத்துக் கண்ணாடிக் கழுத்தை உடைத்துப் பாருங்கள், அப்போது தெரியும். போட்டதும் அந்தப் பெண், "ஒடம்பெல்லாம் தீயா இருக்கு" என்பாள். முகம் சிவக்கும். குழாய்கள் தளர்ந்து தோலுக்கு இரத்தம் பாய்வதன் அடையாளம் அது. ஆனாலும் இது அழுத்தத்தை இறக்குகிற மருந்தில்லை. கொஞ்சம் இறக்கி, திரும்ப ஏறவிட்டுவிடும். வலிப்பைத் தடுப்பதுதான் இதன் வேலை. அழுத்தத்துக்கு நிஃபெடிபின், லேபிடலால் என்று தனியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் மூன்றைப் பார்க்கச் சொன்னார்கள்: முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16 இருக்கிறதா, சிறுநீர் இறங்குகிறதா. மூன்றில் ஒன்று தவறினாலும் ஊசியைக் கீழே வை, கால்சியம் குளுக்கோனேட்டை எடு. பிரிட்சர்டின் கணக்கில் இறந்த அந்த ஒருத்தியை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் முழங்காலைத் தட்டுவேன்.

ஆக்சிடோசினைப் பற்றி ஜனங்களுக்குத் தெரிந்த பேர் 'வலி ஊசி'. இதன் கதை இன்னும் விசித்திரம். பிட்யூட்டரிச் சாறு இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்று 1895இல் ஆலிவரும் ஷேஃபரும் கண்டார்கள். அதே சாறு கர்ப்பப்பையைச் சுருக்குகிறது என்று 1906இல் ஹென்றி டேல் கண்டார். சீக்கிரமே பிரசவ அறைக்கு வந்துவிட்டது. ஒரே சாற்றில் இரண்டு குணம்: வலியும் கூடும், அழுத்தமும் ஏறும். 1928இல்தான் ஆலிவர் காம் என்பவர் இரண்டையும் பிரித்தார். அழுத்தத்தை ஏற்றுவது வாசோபிரசின், கர்ப்பப்பையைச் சுருக்குவது ஆக்சிடோசின். 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டி, 1955இல் நோபல் பரிசு வாங்கினார். பிரித்த பிறகுதான் தெரிந்தது, சுத்தமான ஆக்சிடோசின் குழாயை இறுக்காது, தளர்த்தும் என்று. 10 யூனிட்டைத் தசையில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதையே நரம்பில் ஒரே தள்ளாகத் தள்ளினால் அழுத்தம் சரியும், நாடி பறக்கும். ஏற்கெனவே உதிரம் இழந்து வெளுத்துக் கிடக்கிறவளுக்கும், இதய வால்வு பழுதானவளுக்கும் அந்தச் சில நிமிடமே போதும். பிரிட்டனில் 1997 முதல் 1999 வரையிலான தாய் இறப்பு ஆய்வு இப்படியொரு இறப்பை எடுத்துக்காட்டிய பிறகு, அங்கே அளவைக் குறைத்து மெதுவாகக் கொடுக்கச் சொன்னார்கள்.

ஆக, ஒரே உதிரப்போக்குக்கு இரண்டு மருந்து. குழாய் விஷயத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும். எதை எடுப்பது என்று கையில் கட்டிய பட்டைதான் சொல்லும். 140க்கு 90 தாண்டினால் மெத்தர்ஜின் பக்கம் கை போகக் கூடாது. இன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் பிள்ளை பிறந்த நிமிடத்தில் தொடையில் போடுவது ஆக்சிடோசின்தான். அதற்கு ஒரே கஷ்டம், 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். நீண்ட மின்வெட்டு இருந்த வருஷங்களில் தடுப்பூசிப் பெட்டியின் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஆக்சிடோசினைப் பொதிந்து வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சூட்டில் கெட்டுப்போன மருந்து பார்வைக்குத் தண்ணீராகவே இருக்கும். உதிரம் நிற்காதபோதுதான் தெரியும். சூட்டைத் தாங்கும் கார்பிடோசினை இந்தியா உட்பட பத்து நாடுகளில் ஏறத்தாழ முப்பதாயிரம் பெண்களிடம் சோதித்து, 2018இல் ஆக்சிடோசினுக்குக் குறைவில்லை என்று முடிவு சொன்னார்கள். அதைப் படித்த அன்று, அந்தக் காலத்திலேயே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

பிள்ளை தங்காத தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை போய்விடும், பால் போகாது. மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டி, காய்ச்சல் வந்து, அவள் இரண்டு துக்கம் படுவாள். ஆச்சி அதற்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டச் சொல்வாள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டாக்டர்கள் எழுதியது ப்ரோமோக்ரிப்டின் மாத்திரை. அதுவும் எர்காட்டின் வம்சம். அதே கறுப்புக் கொம்பின் பேரப்பிள்ளை. சாப்பிட்ட சில தாய்மாருக்கு அழுத்தம் ஏறி, வலிப்பும் பக்கவாதமும் வந்ததாகத் தகவல் சேர்ந்து, பால் வற்றுவதற்கு அதைக் கொடுப்பதை அமெரிக்காவில் 1990களின் நடுவில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே, 1988இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். ஒரு பகுதிப் பெண்களுக்கு ப்ரோமோக்ரிப்டின் கொடுத்து, இன்னொரு பகுதியினருக்கு மார்பில் மல்லிகைப்பூ ஒட்டி, ஒப்பிட்டு வெளிநாட்டு இதழில் எழுதினார்கள். பால் சுரப்பிக்கும் ஹார்மோனை மாத்திரைதான் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் மார்புக் கட்டும் பாலும் இரண்டிலும் ஒரே மாதிரி அடங்கின. இரத்தக் குழாயை ஒன்றும் செய்யாத மருந்து எங்கள் வீட்டுக் கொடியிலேயே பூத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆச்சியின் எல்லா வைத்தியமும் இப்படி ஜெயித்தது என்று நான் சொல்ல மாட்டேன். சூலியின் கால் குழிக்கு அவள் கொடுத்த நெருஞ்சிக் கசாயம் ஒருத்தியின் வலிப்பையும் தடுத்ததில்லை. அது அவளுக்கே தெரிந்ததால்தான் தென்காசிக்கு வண்டி கட்டச் சொன்னாள்.

இங்கே இப்போது வீட்டுப் பிரசவம் கிடையாது. 108க்கு அடித்தால் வண்டி வரும். தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் பிள்ளைகளுக்குத் தாய் இறப்பு 54; இந்தியா முழுமைக்கும் 97. அந்த 54 பேரில் இன்னும் எத்தனை பேர் ஆச்சி சொன்ன அந்த இரண்டு வழியில் போகிறார்கள் என்றுதான் என் மனம் கேட்கிறது.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், அந்த மேக்கரைத் தோப்பு வீட்டுக்காரி என் வீட்டுக்கு வந்தாள். திருமலைக் கோயில் படியேறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. கூடவே அவள் மகள், அன்று அரிக்கேன் வெளிச்சத்தில் நான் கொடி அறுத்த பிள்ளை. அவளுக்கு இது இரண்டாவது, எட்டாம் மாதம். "ஆஸ்பத்திரியில பாத்தாச்சுக்கா, போன வாரம். ஆனாலும் நீங்க ஒருக்கா கட்டிப் பாத்தாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்" என்றாள் தாய்.

ஓய்வு பெற்ற அன்றே என் காசில் வாங்கிய மெஷின் அலமாரியில் இருக்கிறது. மகளை நாற்காலியில் சாய்ந்து உட்காரச் சொல்லி, ஐந்து நிமிடம் பேச்சை நிறுத்தச் சொன்னேன். கையை மேசையில் நெஞ்சு மட்டத்துக்கு வைத்து, பட்டையைச் சுற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஏற்றி இறக்கினேன். 138க்கு 88. திரும்ப ஒரு தடவை பார்த்தேன். 136க்கு 88. தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளின் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முன்னெலும்பின் மேல் பெருவிரலைப் பதித்து எண்ணத் தொடங்கினேன். "தலை கனக்கா?" என்றேன். இல்லை என்றாள். "கண்ணுக்கு முன்ன பூச்சி பறக்கா, ஏளா?" சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள். பத்து எண்ணி விரலை எடுத்தேன். லேசாகக் குழி விழுந்து, மெல்லத் தூர்ந்தது. அட்டையை வாங்கி இரண்டு எண்ணையும் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். நாளைக்குக் காலையில் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் போய் நிற்க வேண்டும், மூத்திரத்தில் புரதம் பார்க்க வேண்டும், இந்த எண்ணைக் காட்டாமல் திரும்பக் கூடாது என்று சொன்னேன்.